வடமேற்கே ஒரு சாண்

1931ஆம் ஆண்டு ஆடி மாதம் நாவலடிப்புலத்துச் சந்தைக் கட்டிடம் வடமேற்குப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. அந்த வருடம் புகையிலைக்கு விலை இல்லை, மழையும் பிந்தும் என்று பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. ஆகவே ஊருக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. கட்டிடம் நகர்ந்ததை ஆவணியில்தான் கண்டுபிடித்தார்கள், அதையும் பிழையாகக் கண்டுபிடித்தார்கள். நாவலடிப்புலம் கோப்பாய்க்கு வடக்கே, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற செம்மண் ஊர். அங்கே ஆடி, ஆவணியில் பனையோலை வெட்டி வேலி அடைப்பார்கள். அடைக்கும்போது வேலித் தடியான கதியாலைப் பிடுங்கி ஒரு விரற்கடை அடுத்த வீட்டு வளவுக்குள் தள்ளி நடுவது எல்லாரும் செய்கிற, ஒருவரும் ஒத்துக்கொள்ளாத வேலை. அதனால் சந்தைக்கு வடமேற்கே குடியிருந்த மகாதேவி, தன் வேலி ஒரு சாண் உள்ளே வளைந்து கிடப்பதைக் கண்டபோது, கட்டிடம் நகர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கிராமச் சங்கத்தார் வேலியைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தாள். இந்தக் குடாநாட்டில் பிறந்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சந்தைக்கு மறுபக்கம் தோட்டம் செய்த கந்தப்பு, தன் எல்லைக்கும் சந்தைச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் நிலம் புதிதாகக் கிடப்பதைக் கண்டார். அவர் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் அதில் மிளகாய்க் கன்று நட்டார்.

கட்டிடத்தைக் கட்டுவித்தவர் சண்முகநாதன். மலாயா றெயில்வேயில் ஓவசியராக இருந்து பென்சனோடு திரும்பியவர். ஒரு இடத்தில் இருக்கமாட்டாத மனிதர். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட வீதியைச் சுற்றிக்கொண்டேயிருப்பார். மலாயாவில் அந்நிய மரத்தாலும் அந்நியச் செங்கல்லாலும் எத்தனையோ ஸ்டேஷன்களைக் கட்டியவருக்கு, சொந்த ஊரில் சொந்தக் கல்லால் ஒன்று கட்டவேண்டும் என்ற எண்ணம் அரித்துக்கொண்டிருந்தது. கிராமச் சங்கம் சந்தைக்கும் அதோடு சேர்ந்த வாசிகசாலைக்கும் ஒரு கட்டிடம் போடத் தீர்மானித்தபோது, சங்கத்தில் இருந்தவர்கள் தூத்துக்குடிச் செங்கல், கொழும்புத் தூண், மேலே மினுங்குகிற பூச்சு என்று கனவு கண்டுகொண்டிருந்தார்கள். சண்முகநாதன் எழுந்து நின்று கேட்டார்:

“காலுக்குக் கீழை கிடக்கிற கல்லை விட்டிட்டு ஏன் காணும் கப்பலிலை செங்கல் இறக்கிறியள்? கிணறு வெட்டேக்கை அள்ளி எறியிற கல்லு இது. இதுக்குப் பூச்சும் தேவையில்லை, நாங்கள் இதுக்காக வெக்கப்படவும் தேவையில்லை.”

சபையில் இருந்தவர்கள் வெட்கப்படத்தான் செய்தார்கள். சுண்ணாம்புக் கல் குடாநாடெங்கும் ஒரு முழ மண்ணுக்குக் கீழே கிடக்கிறது. அதால் கிணறு கட்டுவார்கள், அத்திவாரம் போடுவார்கள், மாட்டுக்குத் தொட்டி கட்டுவார்கள். வீட்டுச் சுவர் கட்டினால் கல்லே தெரியாதபடி சாந்து பூசி வெள்ளை அடிப்பார்கள். கல் வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்காரரிடம் பூசுவதற்கு வசதி இல்லை என்று அர்த்தம். சண்முகநாதனோ கல்லை அப்படியே காட்டவேண்டும் என்றார். நிலத்திலிருந்து எடுக்கும்போது வாளுக்கும் உளிக்கும் இசைகிற கல், காற்றுப் பட்டால் வருடத்துக்கு வருடம் இறுகும் என்றார். அதிலுள்ள சின்னச் சின்னத் துவாரங்கள் சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி தரும் என்றார். கல்லில் அங்கங்கே சிப்பியும் சோகியும் அப்படியே பதிந்திருப்பது ஒரு காலத்தில் எல்லாம் கடலாக இருந்ததற்குச் சாட்சி என்றும் சொன்னார். அது ஒருவருக்கும் தேவையில்லாத சாட்சி. ஆனால் அவர் விடவில்லை; விடாமல் கதைக்கிற மனிதருக்கு இந்த ஊர் கடைசியில் களைத்துப்போய் இணங்கும்.

1929ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று சண்முகநாதன் கீரிமலைக்குப் போனார். தகப்பனை இழந்த பிள்ளைகள் அன்றைக்கு அங்கே கேணியிலும் கடலிலும் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தகப்பன்மாருக்குக் கடன் தீர்ப்பது வழக்கம். சொந்தக்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனபடியால் மாட்டு வண்டிகள் பல போயின. அவரும் கடனைக் குறையில்லாமல் செய்தார். வந்தவர்களில் பாதிப்பேர் தெல்லிப்பழையில் உறவுக்காரர் வீட்டில் நின்றுவிட்டதால் திரும்பும்போது சில வண்டிகள் வெறுமையாக இருந்தன. வாடகைக்குப் பிடித்த வண்டி வெறுமையாகத் திரும்புவதை யாழ்ப்பாணத்து மனம் பொறுக்காது. கரையோரத்தில் கல் வெட்டுகிறவர்களும் அன்றைக்கு முழுகத்தான் வந்திருந்தார்கள். ஈர வேட்டியோடு நின்ற அவர்களைப் பிடித்து, கேணிக்குப் பக்கத்திலேயே கல் வெட்டுவித்து, எள் ஒட்டின கையாலேயே வண்டியில் ஏற்றுவித்தார் சண்முகநாதன். சந்தையின் அத்திவாரமும், தூண்களும், வாசிகசாலைச் சுவரோடு ஒட்டின, ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிற நீளக் கல் வாங்கும் அந்தக் கற்களால் ஆனவை. வந்த வண்டி வெறுமையாகத் திரும்பவில்லை என்று அவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

கட்டிடம் 1930இல் திறக்கப்பட்டது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு துரை வந்து நாடா வெட்டி, சுவரைத் தடவிப் பார்த்து, நல்லது என்றார். மரக்கறி விற்கும் பெண்கள் கிணற்றுக்குள் இருந்து வியாபாரம் செய்கிற மாதிரி இருக்கிறது என்று முறைப்பட்டார்கள். பிறகு வெயில் வந்தது, கீரை வாடாமல் இருந்தது, முறைப்பாடு நின்றது. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் கல் தெரிய ஐக்கிய சங்கக் கடையும், பள்ளி மண்டபமும், பஸ் கம்பனிக் கந்தோரும் எழும்பின. அவற்றுக்கெல்லாம் சாதாரண நாட்களில் கோப்பாயிலும் மற்ற இடங்களிலும் வெட்டின கல். அவை இன்றுவரை கட்டின இடத்தில் நிற்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மகாதேவியைப் பற்றிச் சொல்லவேண்டும். சந்தைப் பின்சுவருக்கும் அவள் சமைக்கிற குசினிக்கும் நடுவே ஒரு வேலி, ஒரு முருங்கை, ஒரு தண்ணீர் வாய்க்கால், அவ்வளவுதான். அந்த வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதின உறுதிப் பத்திரத்தில் உள்ளவை. உலகத்தில் அவள் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். புருஷன் சீவரத்தினம் மலாயாவில், ஈப்போ ஸ்டேஷனில் கிளாக்கர். மகாதேவி ஒருமுறை அங்கே போய், அந்த மழை ஒத்துவராமல், தன் வீட்டை நினைத்து நினைத்து மெலிந்து திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. அவர் சில வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். அவர் பென்சன் எடுத்து வருகிற நாளில் படலையைத் திறக்கவும் தண்ணீர் வைக்கவும் தான் அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக, அவள் கலியாண வீடுகளுக்குக்கூடப் போய்ப் பின்னேரமே திரும்பிவிடுவாள். இருந்த இடத்தை விட்டு அசையாத பெண் என்று ஊரில் பெயர்.

இரண்டாம் வருடமும் வேலி ஒரு சாண் வளைந்தது. மகாதேவி வழக்குப் பேசுகிற பிறக்கிராசியிடம் போனாள், கிராமச் சங்கத்தின் மேல் வழக்கு விழுந்தது. சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியம் சீவரத்தினத்தின் சித்தப்பா மகன்தான். அதனால் வழக்கு இரண்டு மடங்கு சூடாக நடந்தது. வழக்கு விசாரித்த கோடு, நிலம் அளக்கிற சேவயர் ஒருவரை அனுப்பியது. அவர் அளந்து படம் கீறி முடிக்க ஒரு வருடம் எடுத்தார், அதற்குள் கட்டிடம் இன்னொரு சாண் போய்விட்டது, படம் பிழைத்தது. இரண்டாம் முறை அளந்தபோதும் அப்படியே நடந்ததால், அந்த நல்ல மனிதர் வேலியைத் தொடாமல் கட்டிடத்தை அளந்தார். பிறகு குடாநாட்டுப் படத்தை விரித்து, கட்டிடம் போகும் திசையில் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தார். கோடு மகாதேவியின் குசினிக்கு ஊடாகப் போய், சுன்னாகம், மல்லாகம் தாண்டி, கீரிமலைக் கேணியில் முட்டி நின்றது. கல் வெட்டின நாளை அப்போதுதான் ஊர் நினைவுபடுத்திப் பார்த்தது. தகப்பன்மாருக்குக் கடன் செய்கிற நாளில், செய்கிற இடத்தில், பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்த கல். அது ஆடிக்கு ஆடி திரும்பிப் போகப் பார்க்கிறது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வழக்கை மட்டும் ஒருவரும் விடவில்லை.

கட்டிடத்தைப் பிரித்துக் கல்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். துரை திறந்த கட்டிடத்தைப் பிரித்தால் அவமானம் என்று சங்கம் மறுத்தது. வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் கட்டுகிற கயிறு வருவித்து, கட்டிடத்தைத் தெற்கே நின்ற பனைகளோடு கட்டிப் பார்த்தார்கள். ஆடி முடியப் பனைகள் வடமேற்காகச் சரிந்து நின்றன. கடைசியில் மகாதேவியின் பிறக்கிராசி கட்டிடத்துக்கே தடையுத்தரவு வாங்கிக்கொண்டு வந்து, அதன் பின்சுவரில் ஒட்டினார். கட்டிடம் கோட்டு உத்தரவை மதித்தது. அந்த ஆடியில் அது நகரவில்லை. ஆனால் நின்ற இடத்தில் அதற்கு நிம்மதி இல்லை. கீரிமலையில் கடல் ஏறுகிற நேரத்துக்குச் சுவர் வியர்த்தது, வடிகிற நேரத்துக்கு உலர்ந்தது. தராசு முள் ஒரு கணமும் நிற்கவில்லை. நிறுக்க முடியாமல் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் எண்ணி விற்றார்கள், பெரிதுக்கும் சிறிதுக்கும் நடுவே நாள் முழுக்கச் சண்டை. தடையுத்தரவு முடிந்த வருடம் கட்டிடம் விட்ட குறையையும் சேர்த்து இரண்டு சாண் போனது. முருங்கை அந்த வருடம்தான் விழுந்தது.

சண்முகநாதன் இந்த வருடங்களில் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தார், ஒரு வெடிப்பும் இல்லை. 1938இல் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. கல்லிலே பிழை இல்லை, தன் அவசரத்திலேதான் பிழை என்று கடைசியாகச் சொன்னதாக வீட்டார் சொன்னார்கள். சங்கத்தார் அதை வழக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

கட்டிடத்தின் அமைதியின்மை அதோடு நிற்கவில்லை. வாசிகசாலைக் கல் வாங்கில் இருந்து பத்திரிகையை முழுதாக வாசித்தவர் இந்த ஊரில் இல்லை. இரண்டாம் பக்கம் புரட்டும்போது கால் பரபரக்கும், எழும்பி நிற்பார்கள், பிறகு றெயில் நேரம் பார்ப்பார்கள். படித்த இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். ஊர் அதை முன்னேற்றம் என்று சொல்லிப் பெருமைப்பட்டது. மகாதேவி மட்டும் அந்த வாங்கைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் பயந்தது நடந்தது.

1940இல் சீவரத்தினம் பென்சன் எடுத்து வந்து சேர்ந்தார். இனி இங்கேதான் என்றார். இரண்டுபேருமாகச் சேர்ந்து வேலி அடைத்தார்கள், கிணற்றடியில் வாழை வைத்தார்கள். மகாதேவி அந்த மாதங்களில் சிரித்த சிரிப்பு வெளியே தெருவொழுங்கைவரை கேட்டது என்று அயலவர் சொல்லுவார்கள். அந்த வருடம் வழக்குத் தவணைக்குக்கூட அவள் போகவில்லை. ஆனால் வேலை செய்து பழகின மனிதருக்குப் பின்னேரங்கள் நீளமாக இருந்தன. பக்கத்திலேயே வாசிகசாலை, யுத்தச் செய்தி வேறு. அந்த வாங்கில் இருக்கவேண்டாம், வீட்டுக்குப் பத்திரிகை எடுத்துத் தாறன் என்று அவள் கெஞ்சினாள். கல்லுக்குப் பயப்படுகிறாயா என்று அவர் சிரித்தார். சில மாதங்களில் சாப்பிடும்போதும் நடந்துகொண்டே சாப்பிடத் தொடங்கினார். 1941 ஐப்பசியில், யுத்தத்தால் றெயில்வேக்கு ஆள் காணாது, பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பெட்டி கட்டினார். அவர் முகத்தில் வெட்கமும் அவசரமும் சேர்ந்து இருந்தன. படலையில் நின்று சொன்னார்: “ஒரு வருசம்தானே. போட்டு வாறன்.”

மார்கழியில் யப்பான்காரர் மலாயாவில் இறங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அரிசிக்குக் கூப்பன் வந்தது, திருகோணமலையில் குண்டு விழுந்தது, மகாதேவி வழக்கை முன்னிலும் மூர்க்கமாக நடத்தினாள். கட்டிடம் தன் நிலத்தைப் பிடித்ததோடு தன் புருஷனையும் எழுப்பி அனுப்பியது என்று மனுவில் எழுதச் சொன்னாள். பிறக்கிராசி எழுதுகிற மாதிரிக் காட்டி, எழுதாமல் விட்டார். அவள் இரவும் பகலும் அந்த வீட்டிலேயே இருந்தாள். வீடு போனால் அவர் வரும்போது வர இடம் இல்லை என்பது அவள் கணக்கு. ஆடிக்கு ஆடி சுவர் கிட்ட வந்தது. வேலி போனது, வாய்க்கால் போனது. 1945இல் சந்தைச் சுவருக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் மிஞ்சியிருந்தது.

1946 வைகாசியில் உடுவிலைச் சேர்ந்த தியாகலிங்கம் மலாயாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தார். சீவரத்தினத்தோடு ஈப்போவில் ஒன்றாக வேலை செய்தவர். வந்த கிழமையே சைக்கிளில் மகாதேவி வீட்டுக்கு வந்தார். சைக்கிளிலிருந்து இறங்கின விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. றெயில்வே ஆட்கள் எல்லாரையும் யப்பான்காரர் சீயத்துக்கு றெயில் பாதை போடக் கொண்டுபோனதையும், காய்ச்சலையும், காட்டையும் சொன்னார். எப்போது என்று அவள் கேட்டாள்.

“அங்கை நாள், கிழமை ஒண்டும் இல்லை அக்கா. மழை மட்டும்தான்.”

மகாதேவி தண்ணீர் எடுக்க எழும்பினாள். பிறகு கேட்டாள்: “இருந்தவரோ, நடந்தவரோ?”

“நடந்தவர். நடக்கேக்கைதான் விழுந்தவர்.”

அவள் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள், குடித்து முடியும் மட்டும் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையன்று கீரிமலையில் கடன் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். ஆனால் செய்ய ஆண்பிள்ளை வேண்டும். சீவரத்தினத்துக்குப் பிள்ளையும் இல்லை, கூடப் பிறந்தவரும் இல்லை. வழியில் மிஞ்சினவர் சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியம் ஒருவர்தான். அவர் வந்தார், துக்கம் விசாரித்தார், நல்ல மனிதராகவே கதைத்தார். வருடா வருடம் தான் கடன் செய்வதாகவும், உரித்தாளியாக நின்று செய்கிறபடியால் வீட்டையும் வளவையும் தன் பெயருக்கு எழுதித் தரவேண்டும் என்றும் சொன்னார். வீடு கைக்கு வந்தால் இடித்துவிடலாம், கட்டிடம் தன் பாட்டில் போகும், வழக்கும் தீரும், ஊருக்கும் நல்லது.

“அண்ணை அந்தரத்திலை நிக்கக் கூடாது மச்சாள். யோசியுங்கோ,” என்றார்.

அவள் யோசித்தாள். வீட்டைக் கொடுத்தால் அவளுக்கு இருக்க இடம் இல்லை, கொடுக்காவிட்டால் அவருக்கு. ஊரும் சேர்ந்து யோசித்தது. சிவசுப்பிரமணியம் கேட்டது முறைதான் என்று பாதிப்பேரும், பிணத்தைக் காட்டி வளவு கேட்கிறான் என்று பாதிப்பேரும் சொன்னார்கள். மகாதேவி அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். அசையாத பெண் என்று பெயர் எடுத்தவள் அறைக்கு அறை நடந்த சத்தம் சந்தையில் கத்தரிக்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. சீயத்துக் காட்டில் தண்ணீர் கேட்டு நிற்கிற மனிதரை நினைக்கும்போது அவள் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தாள். கடைசியில் உறுதி எழுதுவதற்குச் சம்மதம் சொல்லி அனுப்பினாள். அமாவாசைக் காலையில், வண்டி புறப்பட முதல், உறுதி எழுதுகிற நொத்தாரிசு வந்து கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு.

அன்று காலை நொத்தாரிசும் வந்தார், சிவசுப்பிரமணியம் குளித்து வேட்டி கட்டி வந்தார், வண்டி படலையில் நின்றது. மகாதேவி எள்ளும் தர்ப்பையும் பச்சரிசியும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு, கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வராமல் குசினிக்குப் பின்னால் போனாள். நாள் சரியாக வந்துவிட்டபடியால் கட்டிடம் அதிர்ந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க வியர்வை. பதினைந்து வருடமாக அந்தக் கட்டிடத்தைப் பற்றிக் கதைக்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. பிறக்கிராசிமார் கதைத்தார்கள், சேவயர் கதைத்தார், நீதவான் கதைத்தார். அதோடு கதைத்தவர் ஒருவரும் இல்லை. மகாதேவி ஒரு கை நுழையும் அந்த இடைவெளியில் கையை விட்டு, சுவரில் வைத்தாள்.

“நீதான் அவரை எழுப்பி அனுப்பினனீ,” என்றாள். “அவருக்குப் பிள்ளை இல்லை. கடனை நீதான் செய்யவேணும். என்ரை வீட்டிலை முட்டாமல், ஒழுங்கையாலை வா. நான் முன்னாலை போறன்.”

கட்டிடம் அத்திவாரத்தோடு எழும்பியது. முதலில் ஒரு சாண் பின்னுக்குப் போனது, இத்தனை வருடத்தில் அது பின்னுக்குப் போனது அதுதான் முதல் தடவை. பிறகு பக்கவாட்டில் திரும்பி ஒழுங்கைக்குள் இறங்கியது. காலை நேரம் என்றபடியால் சந்தையில் வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை. வாசிகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டுபேர் இறங்கவில்லை. அவர்களும் அன்றைக்குக் கீரிமலைக்குப் போக இருந்தவர்கள்தான். ஒழுங்கை அகலம் காணாது. இரண்டு பக்க வேலிகளும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வழிவிட்டு, கட்டிடம் போனபின் பழையபடி நிமிர்ந்தன. குடாநாட்டில் வேலிகள் தாமாக விட்டுக்கொடுத்ததும், அதற்காக ஒருவரும் கோட்டுக்குப் போகாததும் அன்றைக்குத்தான். மகாதேவி முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. சுன்னாகத்தில் ஒரு பஸ் ஓரமாக நின்று வழிவிட்டது. மல்லாகத்தில் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தவர்கள் அவளுக்கு மோர் கொடுத்தார்கள். கட்டிடத்துக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் வாசற்படியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்கள். சிவசுப்பிரமணியமும் நொத்தாரிசும் எழுதாத உறுதியோடு வண்டியில் பின்னால் வந்தார்கள், வண்டிக்கு வாடகை பேசியாயிற்று.

கீரிமலையில் சனம் நெரிந்தது. மகாதேவி வரிசையில் நின்றாள், கட்டிடமும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அவள் முறை வந்தபோது ஐயர் பெயர் கேட்டார். சீவரத்தினம் என்றாள். ஆர் கடன் செய்கிறது என்று கேட்டார். இது, என்று கையைப் பின்னால் காட்டினாள். ஐயர் நிமிர்ந்து, தூணையும் தூணில் பதிந்த சிப்பிகளையும் கூரை ஓடுகளையும் பார்த்தார். கொழும்பிலிருந்து வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எள் இறைக்கிற பிள்ளைகளையும், தண்ணீருக்குள் நின்றபடி ஆதனச் சண்டை பிடிக்கிற அண்ணன் தம்பிகளையும் வருடா வருடம் கண்டவர் அவர். இது நடந்து வந்திருக்கிறது, பேசாமல் நிற்கிறது. மந்திரத்தைத் தொடங்கினார்.

எள்ளையும் அரிசியையும் வாசற்படியில் வைத்தார்கள். கட்டிடம் கல்லுக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் வாசற்படி நனைய இறங்கி நின்றது. ஐயர் பெயரைச் சொல்லி, விடு என்றார். சுவரிலும் தூணிலும் இருந்த துவாரம் ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. பதினைந்து வருடமாகக் கடல் ஏறும்போதெல்லாம் உள்ளே சேர்ந்த தண்ணீர். அது படி வழியாக எள்ளை அள்ளிக்கொண்டு கடலில் விழுந்தது. நன்னீர்தான், வாயில் பட்டவர்கள் சொன்னார்கள். மகாதேவி அப்போதுதான் அழுதாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு மாதத்துக்கு முன்னால் அழவேண்டியதையும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் நின்றபோது சுவர்கள் வெளிறி, உலர்ந்து இருந்தன.

பின்னேரம் கட்டிடம் ஊருக்குத் திரும்பியது. மகாதேவி வீட்டோடு ஒட்டி நிற்காமல், 1930இல் கட்டின அதே இடத்தில் போய் இருந்தது. கந்தப்புவின் மிளகாய்க் கன்றுகள் அடியில் போயின. தனக்கு ஆட்சி உரிமை வந்துவிட்டது என்று அவர் வழக்கு வைத்தார், அது இன்னும் நடக்கிறது. மகாதேவியின் வழக்கை, வழக்காளியும் எதிராளியும் ஒன்றாகக் கீரிமலைக்குப் போய்வந்தபடியால், கோடு தள்ளிவிட்டது. அடுத்த நாள் காலையில் தராசு முள் நடுவில் நின்றது. வியாபாரிகளுக்கு நிறுக்கும் கை மறந்துபோயிருந்ததால் சில நாள் பழக வேண்டியிருந்தது. வாங்கில் இருந்தவர்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார்கள், அதனால் ஊரில் அரசியல் கூடிவிட்டது. மகாதேவி தன் வீட்டில் இருந்தாள். படலையைப் பார்ப்பது நின்றது. முருங்கை நின்ற இடத்தில் இன்னொன்று நட்டாள்.

அடுத்த ஆடி அமாவாசையன்று காலையில் கட்டிடம் ஒழுங்கைக்குள் இறங்கி நின்று அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் எள் எடுத்துக்கொண்டு வந்தாள். படலையில் வேறு மூன்று பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். உடுவிலிலிருந்து ஒருத்தி, சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து இரண்டுபேர். மூன்றுபேருடைய புருஷன்மாரும் சீயத்துப் பாதையில் போனவர்கள், மூன்றுபேருக்கும் ஆண்பிள்ளை இல்லை. அவர்கள் சுவரில் கை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். கேட்டு முடியும்வரை கட்டிடம் நின்றது. 1948இல் பெயர் சொல்ல வந்தவர்களின் வரிசை சந்தையைச் சுற்றி வளைந்தது, புறப்பட வெயில் ஏறிவிட்டது. கிராமச் சங்கம் கூடி, ஆடி அமாவாசையன்று சந்தை இல்லை என்று ஒரு பலகை எழுதி மாட்டியது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மரக்கறிச் சமையல்தான். ஆகவே சனங்கள் முதல் நாளே வந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.